ஸ்டெப்னி வாத்தியார் ஆன கதை



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு மேட்டர் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், எங்கிருந்துதான் வந்தார்களோ, ஒரே நாளில் நாற்பது கவிஞர்கள் கிளம்பிவிட்டார்கள். பாதிப் பேர் அம்மாவைப் பற்றி. மீதிப் பேர் 'அவளை'ப் பற்றி. ஜோக் பக்கத்துக்கும் ஆள் நிரம்பிவிட்டது. "மச்சான், நீயாவது ஏதாவது படிச்சுட்டு எழுதுடா. பாடம் மாதிரி இருக்கணும், ஆனா பாடம் மாதிரி இருக்கக் கூடாது" என்று மலர்க் குழு நண்பன் ஒருவன் கட்டளையிட்டான். இந்தக் கட்டளைக்கு அர்த்தம் என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எழுதப்போவது ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றி. சச்சின் அல்ல, தோனி அல்ல. அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர் ஏழாவது ஆளாக பேட்டிங்கில் இறங்கியவர். பந்து வீசச் சொன்னால் வீசியவர். மீதி நேரமெல்லாம் மைதானத்தில் விழுந்து புரண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டவர். பிறகு பயிற்சியாளர் ஆனவர். பெயர் ராபின் சிங். பெயரைப் பார்த்தால் பஞ்சாப்காரர் போலத் தெரியும். நம்ம சென்னைக்காரர்!

ஏன் இவரைப் பிடித்தேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

யுடிலிட்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். நம்மூரில் அதிகம் கிடையாது. அதில் தடுப்பவர்கள் ஒன்பது பேர்; ஒன்பது பேருக்கும் ஒன்பது இடம். பந்தைப் பிடிப்பது, எறிவது, கால் வைக்கும் விதம் எல்லாமே இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொருவரும் தன் இடத்துக்கென்றே ஆண்டுக்கணக்கில் பழகியிருப்பார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு: ஒருமுறை வெளியே எடுத்த ஆட்டக்காரரை அந்த ஆட்டத்தில் மறுபடி இறக்க முடியாது. ஆகவே ஒருவருக்கு அடிபட்டாலோ, ஆளை மாற்றினாலோ, எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் அடைக்கக் கூடிய ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். அவருக்குப் பெயர் 'யுடிலிட்டி பிளேயர்'. நம் பாஷையில் சொன்னால் ஸ்டெப்னி!

வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சிலர் பிற்காலத்தில் அணியையே நடத்துகிறவர்களாக ஆகியிருக்கிறார்கள். கிரெய்க் கவுன்செல் என்பவர் நடு மைதானத்தின் பல இடங்களிலும் மாறி மாறி ஆடியவர். 2015-இல் மில்வாக்கி அணிக்கும், பிறகு சிகாகோ கப்ஸ் அணிக்கும் மேலாளர் ஆனார். பெரிய நட்சத்திரம் தன் இடத்தை மட்டும் பார்க்கிறார். ஸ்டெப்னிக்கு அந்த வசதி கிடையாது. எந்த இடத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் எல்லா இடத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச கிரிக்கெட்டில் மாற்று ஆட்டக்காரர் வந்தால் ஃபீல்டிங் செய்யலாமே தவிர, தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வந்தாலொழிய, பேட்டோ பந்தோ பிடிக்க முடியாது. ஆகவே நம் ஸ்டெப்னி பெஞ்சில் அல்ல, பதினொன்றுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அவரைக் கிண்டலாக 'பிட்ஸ் அண்ட் பீசஸ்' என்பார்கள். துண்டு துக்கடா ஆசாமி என்று பொருள்.

டிரினிடாடிலிருந்து சேப்பாக்கம்

1845 மே 30-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் டிரினிடாட் தீவை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. பிறகு எழுபது ஆண்டுகள் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். அப்படிப் போன வம்சாவளியில் 1963 செப்டம்பர் 14 அன்று பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் பிறந்தவர் ரவீந்திர ராமநாராயண் சிங். முன்னோர் ராஜஸ்தானத்து அஜ்மீர்ப் பக்கம்.

பத்தொன்பது வயதில் படிப்பதற்காக சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கூடவே கல்லூரி கிரிக்கெட், பிறகு சென்னை லீக், பிறகு தமிழ்நாடு. இடது கை பேட்டிங். வலது கை மித வேகப் பந்து வீச்சு. தாத்தா காலத்தில் கடல் தாண்டிப் போன குடும்பத்தின் பிள்ளை எதிர்த்திசையில் திரும்பி வந்து, பாஷை தெரியாத ஊரில் இடம் பிடித்ததை நினைத்துப் பாருங்கள். கவரைப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போ என்றால் நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்கிறோம்!

1987-88 ரஞ்சிக் கோப்பை. தமிழ்நாடு அதற்குமுன் அந்தக் கோப்பையை வென்றது 1954-55-இல். முப்பத்து மூன்று ஆண்டு காத்திருப்பு. எஸ். வாசுதேவன் தலைமையிலான அணி சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் ராபின் சிங் இருந்தார். தமிழ்நாடு அதற்குப் பிறகு ரஞ்சிக் கோப்பையை வென்றதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல்தான்.

இந்தியாவுக்கு ஆட வேண்டுமானால் டிரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை பெற வேண்டும். பெற்றார். 1989 மார்ச் 11 அன்று முதல் ஒருநாள் ஆட்டம். எங்கே தெரியுமா? டிரினிடாட் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக! எந்தத் தீவை விட்டு வந்தாரோ அதே தீவில், அந்த ஊர்ப் பசங்களுக்கு எதிரணியாக இறங்கினார். சினிமாவில் வைத்தால் 'ஓவரா இருக்கு' என்போம்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் இரண்டு ஒருநாள் ஆட்டங்கள். அத்தோடு கதை முடிந்தது. அடுத்த வாய்ப்பு எப்போது? 1996-இல்! ஏழு ஆண்டுகள்!

இந்த ஏழு ஆண்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் இதைப் பற்றி எழுதத்தான் ஒன்றும் இல்லை. டிவியில் வராத ஆட்டங்கள், காலியான கேலரிகள், ரயில் பயணங்கள். ரஞ்சி, துலீப் என்று ஆடிக்கொண்டே இருந்தார். முதல்தரப் போட்டிகளில் அவர் மொத்தம் எடுத்தது ஏறத்தாழ 7000 ரன், சராசரி 46. அதோடு 170-க்கு மேல் விக்கெட்டுகள். இந்த சராசரி ஒரு துண்டு துக்கடா ஆசாமியின் சராசரி அல்ல. 1996 டைட்டன் கோப்பைக்கு அவரைத் திரும்ப அழைத்தபோது வயது 33. அந்த வயதில் பலர் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிப்பார்கள்.

ஏழாம் நம்பர் என்னும் வேலை

பிறகு 2001 வரை மொத்தம் 136 ஒருநாள் ஆட்டங்கள். 2336 ரன்கள், சராசரி 25.95, ஒரு சதம், 9 அரை சதம், 69 விக்கெட். "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் சராசரி என்பது ஒரு அளவுகோல். எந்த இடத்தில் வைத்து அளக்கிறோம் என்று பார்க்காமல் ரீடிங் எடுத்தால் தப்பு வரும் என்று நமக்கு முதல் வருடமே மெட்ராலஜி லேபில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா?

ஆறாவது, ஏழாவது ஆளாக இறங்குகிறவருக்கு இரண்டே சூழ்நிலைதான். ஒன்று, மேலே உள்ளவர்கள் நன்றாக ஆடி முடித்து, நாலு ஓவர் மீதி இருக்கும். முதல் பந்திலிருந்தே அடிக்க வேண்டும். அவுட் ஆனால் யாரும் திட்டமாட்டார்கள், 15 பந்தில் 20 எடுத்தால் யாரும் எழுதவும் மாட்டார்கள். இன்னொன்று, மேலே உள்ளவர்கள் கவிழ்ந்து போய், 'தம்பி, கொஞ்சம் பார்த்துக்கோ' என்று நிற்பார்கள். இரண்டிலும் நிதானமாக நின்று நூறு அடிக்க நேரம் கிடையாது. ராபின் சிங் பேட் பிடித்த 113 இன்னிங்ஸில் 23-இல் அவுட் ஆகாமல் திரும்பியிருக்கிறார். அதாவது ஐந்துக்கு ஒன்று. இன்னிங்ஸ் முடியும்போது கிரீஸில் நிற்பதுதான் அந்த வேலை.

இரண்டாவது சூழ்நிலைக்கு உதாரணம் வேண்டுமா? 1999 உலகக் கோப்பை, லண்டன் ஓவல் மைதானம், ஜூன் 4. ஆஸ்திரேலியா 282. மெக்ராத் புதுப் பந்தோடு வந்து நம் தலைகளை வரிசையாக எடுத்துவிட்டார். இந்தியா 17 ரன்னுக்கு 4 விக்கெட்! அப்போது சேர்ந்தவர்கள் அஜய் ஜடேஜாவும் ராபின் சிங்கும். இருவரும் ஐந்தாவது விக்கெட்டுக்கு 141 ரன் சேர்த்தார்கள். ராபின் 75. ஜடேஜா கடைசி வரை அவுட் ஆகாமல் 100. தோற்றோம்தான், 77 ரன்னில். ஆனால் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப்போனவர்களை மறுபடி உட்கார வைத்த ஆட்டம் என்று எங்கள் மாமா இன்றும் சொல்வார்.

அதே உலகக் கோப்பையில் மே 26, டான்டன் மைதானம். கங்குலி 183, டிராவிட் 145, இந்தியா 373. இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அந்த இரண்டு பெயரைச் சொல்வார்கள். இலங்கையை 216-க்குச் சுருட்டியதில் 31 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தது யார்? நம்மாள்தான். யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

டாக்கா, 1998 ஜனவரி 18. சுதந்திரக் கோப்பை மூன்றாவது இறுதி ஆட்டம். 48 ஓவரில் பாகிஸ்தான் 314. அந்தக் காலத்தில் இது துரத்தக்கூடிய ஸ்கோரே அல்ல. அதுவரை ஒருநாள் ஆட்டத்தில் யாரும் அவ்வளவு ரன்னைத் துரத்தி வென்றதில்லை. சச்சின் அவுட் ஆனதும், மூன்றாவது ஆளாக ராபின் சிங்கை அனுப்பினார்கள்! ஏழாம் நம்பர்க்காரரை மூன்றாம் நம்பரில். கங்குலியோடு சேர்ந்து 179 ரன். ராபின் 82, கங்குலி 124. வெளிச்சம் மங்கிக்கொண்டே வர, ஒரு பந்து மீதி இருக்கும்போது சக்லைன் பந்தில் ஹிருஷிகேஷ் கனித்கர் ஒரு பவுண்டரி அடித்து முடித்தார். அந்த பவுண்டரியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த பவுண்டரிக்கு அவசியமான மேடை எங்கே போடப்பட்டது?

டெஸ்ட் கிரிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 1998 அக்டோபர், ஹராரே, ஜிம்பாப்வேக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். 35 வயதில். இந்தியா தோற்றது. அடுத்த டெஸ்ட் அவருக்கு வரவில்லை. முதல்தரத்தில் 46 சராசரி வைத்திருந்தவருக்கு ஒரே டெஸ்ட். 'ஒருநாள் ஆட்டத்துக்கு வசதியான ஆள்' என்ற முத்திரை குத்திவிட்டால் அந்த முத்திரையை அழிப்பது கஷ்டம். இது அநியாயம் என்பது என் கட்சி. எங்கள் ஹாஸ்டலில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ராபின் சிங்கைப் பற்றிய ஸ்கோர் புத்தகத்தில் வராத விஷயம் அவரது ஃபீல்டிங். தொண்ணூறுகளின் இந்திய அணியில் விழுந்து பந்தைத் தடுப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: அசாருதீன், ஜடேஜா, ராபின் சிங்... அதற்குமேல் விரல் மடக்க யோசிக்க வேண்டும்.

ஃபீல்டிங் என்றால் துள்ளிக் குதிப்பது என்று நினைக்கிறோம். அது முழுக்க முழுக்க அப்ளைடு மெக்கானிக்ஸ்! பார்ப்போமா?

ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். இரு பக்கமும் கிரீஸ் 4 அடி முன்னால் இருப்பதால், ஓட வேண்டிய தூரம் 17.68 மீட்டர். நல்ல ஓட்டக்காரர் இதைச் சுமார் 3 விநாடியில் கடப்பார். சராசரியாக விநாடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டர் 25 மீட்டர் தூரத்தில் நிற்கிறார். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், அது விநாடிக்கு 25 மீட்டர். பந்து போய்ச் சேர ஒரு விநாடி. இந்த ஒரு விநாடியைக் குறைப்பது கஷ்டம். கையின் பலத்தைப் பொறுத்தது. ஆனால் பந்தைப் பொறுக்கி, நிமிர்ந்து, கையை ஓங்கி எறிய ஒருவர் ஒரு விநாடி எடுக்கிறார். இன்னொருவர் குனிந்த நிலையிலேயே அரை விநாடியில் எறிகிறார். வித்தியாசம் அரை விநாடி. அந்த அரை விநாடியில் பேட்ஸ்மேன் 3 மீட்டர் ஓடிவிடுகிறார்! ரன் அவுட் தீர்ப்புகள் அரை அடி, ஒரு அடியில் முடிகிறவை. 3 மீட்டர் என்பது கடல்.

இன்னொன்று. பாயிண்ட் திசையில், அதாவது பிட்ச்சுக்குப் பக்கவாட்டில் நிற்கிறவருக்கு மூன்று ஸ்டம்பும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே ஸ்டம்பாகத்தான் தெரியும். அதன் தடிமன் அதிகபட்சம் ஒன்றரை அங்குலம், 3.8 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் சுமார் 7.2. பந்தின் எந்த ஓரம் உரசினாலும் போதும் என்பதால் பந்தின் மையம் போகக் கூடிய அகலம் 3.8-உம் 7.2-உம் சேர்ந்து 11 சென்டிமீட்டர். நேர் எதிரே நிற்கிறவருக்கு மூன்று ஸ்டம்பின் மொத்த அகலம் 22.86, அதோடு 7.2 கூட்டினால் 30. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! 25 மீட்டர் தூரத்திலிருந்து பக்கவாட்டில் எறிகிறவருக்குக் கிடைக்கும் கோணம் வெறும் கால் டிகிரி. லேத்தில் காம்பவுண்ட் ரெஸ்ட்டை அரை டிகிரி தப்பாகத் திருப்பி ஜாபைக் கெடுத்துவிட்டு நாம் என்னவெல்லாம் திட்டு வாங்கினோம்! இவர்கள் ஓடிக்கொண்டே, விழுந்துகொண்டே, கால் டிகிரிக்குள் எறிய வேண்டும். அதுவும் மெஷினை லாக் செய்யாமல்!

ஆகவே பேரைச் சொல்லும் ஃபீல்டர் என்பவர் பிறப்பதில்லை. ஒரே செயலைப் பத்தாயிரம் தடவை செய்தவர் அவர். சொல்லிக் கொடுக்கக் கூடிய வித்தை இது. ராபின் சிங் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கிய இடமும் இதுவே.

வாத்தியார்

2004-இல் ஓய்வு. அதற்குப் பின் ஹாங்காங் அணி, இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணி, இந்தியா 'ஏ' அணி என்று பயிற்சியாளர் வேலை. 2007-இல் இந்திய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளர் ஆனார்.

அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் முதல் டி20 உலகக் கோப்பை. அணியோடு போனது லால்சந்த் ராஜ்புத் மேலாளராக, வெங்கடேஷ் பிரசாத் பந்துவீச்சுக்கு, ராபின் சிங் ஃபீல்டிங்குக்கு. செப்டம்பர் 14, டர்பன், பாகிஸ்தானோடு ஆட்டம். இரண்டு அணியும் 141. டை! அப்போதைய விதிப்படி 'பவுல் அவுட்': பேட்ஸ்மேன் இல்லாமல் வெறும் ஸ்டம்பை நோக்கிப் பந்து வீசி அடிக்க வேண்டும். நம் பயிற்சிக் குழு வலைப்பயிற்சி முடிவில் இதை விளையாட்டுப் போட்டி போல வைத்து ஆட்களைப் பழக்கியிருந்தது. யார் குறி தவறாமல் அடிக்கிறார்கள் என்று ஏற்கெனவே தெரியும். சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் அடித்தார்கள். பாகிஸ்தானின் மூவரும் தவறவிட்டார்கள். தோனி ஸ்டம்புக்கு நேர் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்ததைக் கவனித்தீர்களா? வீசுகிறவருக்குக் குறி வைக்க ஒரு பெரிய டார்கெட். ஜிக் அண்ட் ஃபிக்ஸ்சர் பாடத்தில் 'லொகேஷன்' என்று படிக்கிறோமே, அதுதான்!

செப்டம்பர் 14 என்றதும் ஏதாவது ஞாபகம் வருகிறதா? மேலே போய்ப் பாருங்கள். ராபின் சிங்கின் பிறந்த நாள். 44-ஆவது.

பத்து நாள் கழித்து ஜோஹன்னஸ்பர்க்கில் கோப்பையையும் வென்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 2009 அக்டோபரில், பிரசாத்தையும் ராபினையும் வாரியம் விடுவித்தது. கறிவேப்பிலை!

எல்லாமே வெற்றி என்று எழுதினால் மலர் நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். 2008 ஐபிஎல்-இல் ராபின் சிங் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டெக்கான் சார்ஜர்ஸ் அணி 14 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, கடைசி இடம். அடுத்த ஆண்டு வேறு பயிற்சியாளரின் கீழ் அதே அணி கோப்பை வென்றது! வேறு ஒருவராக இருந்தால் இதோடு மூட்டை கட்டியிருப்பார். 2010-இல் மும்பை இந்தியன்ஸ் அழைத்தது.

2011 சாம்பியன்ஸ் லீக். சச்சின், ரோகித் சர்மா என்று மும்பை அணியில் பெரிய தலைகளுக்கெல்லாம் காயம். ஆள் போதாமல், நான்கு வெளிநாட்டு வீரர்களுக்குப் பதில் ஐந்து பேரை ஆட வைக்கச் சிறப்பு அனுமதி வாங்கும் நிலைமை. மிச்சம் மீதி இருந்தவர்களை வைத்து ஹர்பஜன் தலைமையில் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். 139 ரன்தான் எடுத்தார்கள். பெங்களூரை 108-க்குச் சுருட்டி 31 ரன்னில் வென்றார்கள். ஸ்டெப்னிகளால் ஓடிய வண்டி! டிரைவர் ராபின் சிங். நடந்த இடம் எது என்கிறீர்கள்? சேப்பாக்கம்.

பிறகு ஜான் ரைட், ரிக்கி பாண்டிங், மகேல ஜயவர்தன என்று தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். தலைமையில் இருந்தவர் ராபின் சிங், அவர்களுக்குக் கீழே உதவிக்கு நின்றார். பேட்டிங், ஃபீல்டிங் என்று எது தேவையோ அது. 2013, 2015, 2017, 2019, 2020 என ஐந்து ஐபிஎல் கோப்பைகள். மேலே இருந்தவர் கீழே இறங்கி அதே இடத்தில் வேலை பார்ப்பதற்கு எவ்வளவு மனப்பக்குவம் வேண்டும் என்று நான் யோசித்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள் மூன்றாம் நம்பரிலும், மறு நாள் ஏழாம் நம்பரிலும் இறங்கிப் பழகியவருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லையோ என்னவோ.

2020-இல் ஐக்கிய அரபு அமீரக அணியின் பொறுப்பு. 2022 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் மைதானத்தில் டி20 உலகக் கோப்பை. இலங்கையோடு ஆட்டத்தில் அமீரகத்தின் 22 வயது லெக் ஸ்பின்னர் ஒருவர் அடுத்தடுத்த மூன்று பந்தில் ராஜபக்ச, அசலங்கா, ஷனகா மூவரையும் எடுத்தார். ஹாட்ரிக்! அவர் பெயர் கார்த்திக் மெய்யப்பன். சென்னையில் பிறந்தவர். டிரினிடாடில் பிறந்து சென்னைக்கு வந்தவர் வாத்தியார். சென்னையில் பிறந்து துபாய்ப் பக்கம் போனவர் மாணவர். அந்த ஆட்டத்தில் அமீரகம் படுதோல்வி. இரண்டு நாள் கழித்து நமீபியாவை 7 ரன்னில் வென்றது. டி20 உலகக் கோப்பையில் அந்த அணியின் முதல் வெற்றி.

சிப்காட்டில் நாற்பது நாள்

ஏன் இவரைப் பிடித்தேன் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

நம் துறைப் போட்டிகளில் நான் எப்போதும் உப்புக்குச் சப்பாணி. மெக்கானிக்கல் அணியில் பதினோரு பேர் சேராவிட்டால் என் பெயர் இருக்கும். அது பரவாயில்லை. போன விடுமுறையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். பெயர் வேண்டாம். காலையில் லோக்கல் ரயிலைப் பிடித்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஷிஃப்டுக்குச் சரியாக இருக்கும். சிஎன்சி மெஷினில் நிற்கப்போகிறோம் என்று கனவோடு போனேன்.

முதல் நாள் டிரில்லிங் ஆபரேட்டர் லீவு. அங்கே நில் என்றார்கள். இரண்டாம் நாள் இன்ஸ்பெக்‌ஷனில் ஆள் குறைவு; கேஜ் பிடி. அப்புறம் ஸ்டோர்ஸில் எண்ணிக்கை. ஒரு நாள் டிஸ்பாட்சில் சலான் எழுதினேன். ஐடிஐ முடித்த அண்ணன்களுக்கு ஆளுக்கொரு மெஷின். இன்ஜினீயர்களுக்கு ஆளுக்கொரு டேபிள். எனக்கு ஒரு இடமும் கிடையாது. சாப்பிட உட்காரக் கூட எந்த செக்‌ஷன் கூட்டத்தோடு உட்காருவது என்று தெரியாது. டிப்ளமோ படித்தால் இதுதானா கதி என்று ஒரு நாள் ரயிலில் வரும்போது கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள்.

அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒரு அண்ணன். அவரும் டிப்ளமோ, பல வருட சர்வீஸ். நான்காவது வாரம் ஒரு நாள் ஒரு பேட்ச் முழுக்க ஹோல் சைஸ் ஓவர். டிரில்லிங்காரர் "ராட் சரியில்ல" என்றார்; இன்ஸ்பெக்‌ஷன்காரர் "மெஷின் சரியில்ல" என்றார்; ஸ்டோர்ஸ்காரர் வாயே திறக்கவில்லை. அண்ணன் வந்தார். ஒவ்வொரு இடமாகப் போய் நின்றார், தொட்டுப் பார்த்தார். பத்து நிமிடத்தில் டிரில் பிட்டைக் கையில் எடுத்து, முனை ஒரு பக்கம் நீளமாகத் தீட்டப்பட்டிருப்பதைக் காட்டினார். புதிதாகக் கிரைண்டிங் செய்து ஸ்டோர்ஸிலிருந்து வந்த பிட். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. மூன்று இடத்தையும் தெரிந்தவருக்குத்தான் அதை ஒட்டவைக்க முடிந்தது.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நானும் உன்ன மாதிரிதான்டா. ரெண்டு வருசம் இங்க எனக்குன்னு ஒரு மெஷின் குடுக்கல" என்றார்.

அன்று இரவு வீட்டில் யாரோ பழைய ஆட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்கா. ராபின் சிங் மூன்றாம் நம்பரில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

டிரெய்னிங் முடிந்து வந்ததிலிருந்து சாயங்காலம் நம் மைதானத்தில் ஒற்றை ஸ்டம்பை நட்டுவைத்து, முப்பது அடி தள்ளி நின்று, குனிந்தபடி எறிந்து பார்க்கிறேன். (25 மீட்டர் எல்லாம் அடுத்த வருடம்.) முதல் நாள் முப்பதுக்கு இரண்டு. போன வாரம் முப்பதுக்கு ஏழு. இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் நான்கு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கை நன்றாக இருக்கிறது, ஆனால் எறியும்போது தலையைத் தூக்கிவிடுகிறான். சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டம்ப் சிவில் டிபார்ட்மென்ட்டுடையது. அவர்கள் கேட்பதற்குள் யாராவது இன்னொன்று கொண்டுவந்தால் நல்லது.